போனவர் இடமும் இருப்பவர் பலமும்



போன மாதம் எங்கள் கிளைக் கூட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளைத் தலைவருக்குச் சபாவில் பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டது. செயலாளருக்குச் சிங்கப்பூரில் வேலை. இரண்டுமே நல்ல செய்திதான். இனிப்பு கொடுத்தோம், கைதட்டினோம், சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டோம். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, படிவம் ஐந்து படிக்கும் ஒரு தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, இனிமே யாரு எல்லாத்தையும் செய்வா?"

எல்லாரும் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன். "பாத்துக்கலாம்மா, யாராவது வருவாங்க."

மோட்டாரில் வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது பதிலே இல்லை. "யாராவது வருவாங்க" என்று சொல்லிச் சொல்லியே மூடிப்போன கிளைகள் எத்தனை!

அவளுடைய கேள்விக்காகத்தான் இந்த மாதப் பாடம். உதாரணத்தைக் கல்லூரி விளையாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். நான் கல்லூரியில் காற்பந்து ஆடியவன், குழுத் தலைவனாகவும் இருந்தவன். முக்கியமான ஆட்டக்காரர்கள் போன பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு பெரிய தவறும் செய்தவன். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

சேரும்போதே போகும் தேதி

தொழில்முறைக் குழு ஒன்று, பிடித்த ஆட்டக்காரரைப் பத்து வருடம்கூட வைத்துக்கொள்ளலாம். கல்லூரிக் குழுவால் முடியாது. மாணவன் படிப்பை முடித்தால் போய்விடுவான். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு மாணவர் பொதுவாக நான்கு பருவங்கள்தான் ஆட முடியும் என்ற விதி நெடுங்காலமாக இருந்து வந்தது. அதனால் ஒரு பையனைச் சேர்க்கும் நாளிலேயே அவன் ஏறக்குறைய எந்த வருடம் போவான் என்பது பயிற்றுநருக்குத் தெரியும். காயம் வந்தால் அந்த நாள் முன்கூட்டியே வந்துவிடும், அவ்வளவுதான்.

நம் இளைஞர் கிளையும் கல்லூரிக் குழு மாதிரிதானே? படிப்பு, வேலை, கல்யாணம், வீடு மாற்றம் என்று ஏதாவது ஒன்று ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். அது யார் தப்பும் இல்லை. போவார்கள் என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதுதான் நம் தப்பு.

இனி இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொல்கிறேன். இரண்டும் அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து. நம் ஊரில் ஆடும் காற்பந்து வேறு, அது வேறு. அங்கே முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். தாக்கும் அணியில் பெரும்பாலும் எல்லா முயற்சியிலும் பந்து முதலில் ஒருவர் கைக்குத்தான் வரும். அவர் பெயர் குவார்ட்டர்பேக். எறிவதா, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதா, தானே தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று ஒரு சில வினாடிகளில் முடிவெடுப்பவர் அவர். அவருக்கு முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நின்று காப்பாற்றுவார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஒரே பருவத்தில் இரண்டு பேர்

2014-ஆம் ஆண்டு. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகக் குழு. பயிற்றுநர் அர்பன் மேயர். அந்தக் குழுவின் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர், தம் மண்டலத்தின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் என்ற விருதை 2012, 2013 என்று இரண்டு வருடமும் வாங்கியவர். குழுவின் நம்பிக்கை முழுவதும் அவர் மேல்தான்.

பருவம் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாதபோது, ஆகஸ்டு மாதப் பயிற்சியில், பந்து எறியும் வலது தோளில் மில்லருக்கு மீண்டும் காயம். அந்தப் பருவம் முழுவதும் ஆட முடியாது என்று ஆகிவிட்டது. இதற்கு முன்பே அவருக்கு முன்னால் சுவராக நின்ற ஐவரில் நால்வர் படிப்பு முடிந்து போயிருந்தார்கள். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் முக்கிய ஆட்டக்காரரும் போயிருந்தார். ஆக, புதுச் சுவர், புது ஓட்டக்காரர், இப்போது புதுக் குவார்ட்டர்பேக்.

மில்லருக்குப் பதில் வந்தவர் ஜே.டி. பேரட். அதுவரை கல்லூரி ஆட்டம் ஒன்றில்கூட இறங்காத இளைஞர். செப்டம்பர் 6-ஆம் தேதி சொந்தத் திடலில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்னிலையில், வர்ஜீனியா டெக் குழுவிடம் 35-21 என்று தோற்றார்கள். பேரட் எறிந்த பந்துகளில் மூன்றை எதிரணி பறித்துக்கொண்டது. பந்தை எறிவதற்குள் அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஏழு தடவை தரையில் வீழ்த்தப்பட்டார். முன்னால் நின்ற புதுச் சுவர் அப்படி இடிந்தது.

அன்று இரவு "மில்லர் இருந்திருந்தால்..." என்று எத்தனை பேர் பேசியிருப்பார்கள்! நம் பக்கத்தில் மாமாக் கடையில் உட்கார்ந்து பேச மாட்டோமா?

ஆனால் குழு அந்த ஒரு தோல்வியை வைத்துப் பேரட்டுக்குத் தீர்ப்பு எழுதிவிடவில்லை. அவரே தொடர்ந்து ஆடினார். அதன் பிறகு அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் அவர்கள் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எறிந்ததும் ஓடியதுமாக பேரட் மட்டும் 45 டச்டவுன்களுக்குக் காரணமானார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நவம்பர் 29-ஆம் தேதி, பரம எதிரியான மிச்சிகனுக்கு எதிரான ஆட்டம். நான்காம் கால் பகுதியின் தொடக்கத்தில் பேரட் கணுக்கால் எலும்பு முறிந்து தரையில் கிடந்தார். அப்போது எதிரணியின் குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னர் ஓடி வந்து, அவர் பக்கத்தில் குனிந்து ஆறுதல் சொன்னார். அந்தப் படத்தை அமெரிக்கா முழுவதும் பார்த்தது. அன்றைய ஆட்டத்தை 42-28 என்று ஜெயித்தார்கள். ஆனால் அடுத்த ஆட்டம் மண்டல இறுதியாட்டம். கையில் இருந்தது ஏழே நாள். இரண்டாவது குவார்ட்டர்பேக்கும் போய்விட்டார்.

மூன்றாவது ஆள்

மூன்றாம் இடத்தில் இருந்தவர் கார்டேல் ஜோன்ஸ். அவரைப் பற்றி அதுவரை ஊர் பேசியது வேறு விஷயத்துக்காக. 2012-இல் முதலாண்டு மாணவராக இருந்தபோது, நாங்கள் காற்பந்து ஆடத்தானே வந்தோம், வகுப்புக்கு எதற்குப் போக வேண்டும் என்கிற மாதிரி டுவிட்டரில் எழுதி நாடே சிரிக்க ஆளானவர். 2014 பருவத்துக்கு முந்தைய பயிற்சியில், அவருக்குப் பிறகு குழுவில் சேர்ந்த பேரட் அவரைத் தாண்டி முன்னே போய்விட்டார். அதாவது மில்லர் காயம்பட்டபோதுகூட வாய்ப்பு அவருக்கு வரவில்லை.

கொஞ்சம் அவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது ஆளுக்குப் பயிற்சியில் கிடைக்கும் நேரமே குறைவு. முதல் ஆளுக்குத்தான் எல்லாரும் பந்து பிடித்துப் பழகுவார்கள். மூன்றாவது ஆள் கூட்டத்தில் உட்கார வேண்டும், ஆட்டப் படங்களைப் பார்க்க வேண்டும், அத்தனை திட்டங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆடுவோமா என்று தெரியாது. நம்மில் எத்தனை பேர் அப்படி ஒரு வருடம் உட்காருவோம்? "என்னைக் கூப்பிடவே மாட்டேங்கிறாங்க" என்று மூன்றாவது வாரமே வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறி இருப்போம்.

டிசம்பர் 6. விஸ்கான்சினுக்கு எதிரான மண்டல இறுதியாட்டம். கல்லூரி வாழ்க்கையில் ஜோன்ஸ் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முதல் ஆட்டம் அதுதான். முடிவு 59-0. அவர்தான் அன்றைய ஆட்ட நாயகன்.

அந்த ஆண்டுதான் நான்கு குழுக்கள் மோதும் தேசியச் சுற்று முதன்முதலாக நடந்தது. ஒஹாயோ ஸ்டேட் நான்காவது குழுவாக உள்ளே நுழைந்தது. 2015 ஜனவரி 1-இல் முதல் நிலையில் இருந்த அலபாமாவைச் சந்தித்தது. ஒரு கட்டத்தில் 21-6 என்று பின்தங்கியிருந்த குழு, கடைசியில் 42-35 என்று வென்றது. ஜனவரி 12-இல் இறுதியாட்டத்தில் ஒரிகனை 42-20 என்று வீழ்த்தித் தேசிய வெற்றியாளர் ஆனது. ஜோன்ஸின் வாழ்க்கையில் அது தொடக்க ஆட்டக்காரராக மூன்றாவது ஆட்டம், அவ்வளவே.

எப்படி முடிந்தது?

'பையன் பெரிய திறமைசாலி, அதனால் ஜெயித்தார்கள்' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் உன்னிப்பாகப் பார்த்தால் வேறு இரண்டு காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, பயிற்றுநர்கள் ஜோன்ஸை பேரட் மாதிரி ஆடச் சொல்லவில்லை. இருவர் பலமும் வேறு. ஜோன்ஸ் 6 அடி 5 அங்குலம், பெரிய உடம்பு, பந்தை வெகுதூரம் எறியும் கை. ஆகவே தூரப் பந்துகளை அதிகம் நம்பினார்கள். விஸ்கான்சின் ஆட்டத்தில் அவர் எறிந்து கிடைத்த மூன்று டச்டவுன்களும் வேகமாக ஓடக்கூடிய டெவின் ஸ்மித் என்ற ஒரே ஆளுக்குத்தான். புதுப் பையனுக்கு நன்றாக வருவது எதுவோ, அதைச் சுற்றித் திட்டத்தை மாற்றினார்கள்.

இரண்டு, போனவருடைய சுமை முழுவதையும் வந்தவர் தலையில் ஏற்றவில்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் எஸகியல் எலியட் அந்தக் கடைசி மூன்று ஆட்டங்களில் 220, 230, 246 என்று மொத்தம் 696 கெஜம் ஓடினார். அவருக்கு வழி திறந்துவிட்டது யார்? செப்டம்பரில் இடிந்துபோன அதே சுவர்தான். நான்கு மாதத்தில் அந்த ஐவரும் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டு கல்சுவராகி இருந்தார்கள். ஒருவர் போன ஓட்டையைப் பத்துப் பேரும் நெருங்கி நின்று அடைத்தார்கள்.

நான் செய்த தவறு

இப்போது என் கதை. கல்லூரியில் எனக்கு இரண்டாம் ஆண்டு. நம் ஊர்க் காற்பந்துதான். கல்லூரிகளுக்கு இடையிலான கிண்ணப் போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது எங்கள் நடுத்திடல் ஆட்டக்காரருக்கு முழங்காலில் தசைநார் அறுந்துவிட்டது. முன்னால் ஆடும் அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனார். கோல்கீப்பருக்குத் தேர்வில் மதிப்பெண் சரிந்து, "படிப்ப பாருடா" என்று அவர் அப்பா தடுத்துவிட்டார். மூன்று பேரும் எங்கள் முதுகெலும்பு.

நடுத்திடலுக்கு முதலாண்டுத் தம்பி ஒருவனை இறக்கினேன். தோட்டத்திலிருந்து வந்தவன், அதிகம் பேச மாட்டான். இடது காலில் ஆடுவான், ஓரமாக ஓடவிட்டால் காற்று மாதிரி போவான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நடுவில் போட்டேன். ஏன் என்றால் காலியாக இருந்த இடம் நடுவில்தான். இடத்தைப் பார்த்தேனே தவிர, ஆளைப் பார்க்கவில்லை.

ஆட்டம் முழுவதும் கத்தினேன். "அண்ணன் எப்படி ஆடுவாரு பாத்தல்ல? அந்த மாதிரி ஆடுடா!" பந்து அவன் காலை விட்டுப் போன ஒவ்வொரு தடவையும் நான் தலையில் கை வைத்தேன். 4-0 என்று தோற்றோம். பேருந்தில் திரும்பும்போது யாரும் அவனோடு பேசவில்லை. அடுத்த வாரம் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. "மனசு பத்தல அவனுக்கு" என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

பல வருடம் கழித்து ஒரு நாள் தே தாரிக் குடிக்கப் போன இடத்தில் அவனைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தான், கையில் குழந்தை. பழைய கதை பேசிச் சிரித்தோம். எழுந்து போகும்போது சாதாரணமாகச் சொன்னான்: "அண்ணே, அன்னிக்கி தொண்ணூறு நிமிசமும் நீங்க அந்த அண்ணன் பேரத்தான் சொன்னீங்க. என் பேர ஒரு தடவகூட கூப்பிடல."

கோபத்தில் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. 4-0 தோல்வி எனக்கு மறந்துவிட்டது. இந்த ஒரு வாக்கியம் இன்னும் மறக்கவில்லை. மூன்று பேரை இழந்தது எங்கள் துரதிர்ஷ்டம். நான்காவது ஆளை இழந்தது என்னால்.

மாற்று ஆளே இல்லை என்றால்?

நீங்கள் கேட்கலாம்: "அண்ணே, ஒஹாயோ ஸ்டேட் பெரிய குழு. அவங்க மூணாவது ஆளே மத்த குழுவுல முதல் ஆளா இருப்பான். நம்மகிட்ட மொத்தமே எட்டுப் பேரு." நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டாவது சம்பவம். இது கனமானது. மெதுவாகப் படியுங்கள்.

1970 நவம்பர் 14. மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஹன்டிங்டன் என்ற ஊரில் உள்ள மார்ஷல் பல்கலைக்கழகத்தின் குழு, வெளியூரில் ஓர் ஆட்டத்தில் 17-14 என்று தோற்றுவிட்டுத் தனி விமானத்தில் திரும்பியது. ஊர் விமான நிலையத்தை நெருங்கும்போது விமானம் மலைச்சரிவில் மோதியது. உள்ளே இருந்த 75 பேரும் இறந்தார்கள். அதில் 37 பேர் ஆட்டக்காரர்கள். தலைமைப் பயிற்றுநரும் உதவிப் பயிற்றுநர்களும் குழுவோடு போயிருந்த ஊர்ப் பெரியவர்களும் போய்விட்டார்கள்.

இங்கே "அடுத்த ஆள்" என்ற பேச்சுக்கே இடமில்லை. குழுவை மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. காயத்தால் அன்று பயணம் போகாமல் தப்பிய சிலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான நேட் ரஃபின் உட்பட மாணவர்கள் குழு தொடர வேண்டும் என்று நின்றார்கள். ஜாக் லெங்கியல் என்பவர் புதிய பயிற்றுநராக வந்தார்.

அப்போதைய விதிப்படி முதலாண்டு மாணவர்கள் முதன்மைக் குழுவில் ஆட முடியாது. 1971-இல் மார்ஷலுக்காக அந்த விதி தளர்த்தப்பட்டது. தப்பிய சிலர், முந்தைய வருடம் முதலாண்டுக் குழுவில் இருந்ததால் பயணம் போகாதவர்கள், புதிதாகச் சேர்ந்த பையன்கள், கல்லூரியின் மற்ற விளையாட்டுகளிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரையும் சேர்த்து ஒரு குழு. லெங்கியல் முதலில் நினைத்திருந்த ஆட்ட முறைக்கு ஆள் பலம் போதவில்லை. வேறு முறைக்கு மாறினார். அதைக் கற்றுக்கொள்ள உதவியது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் பாபி பவுடன்.

1971-இல் முதல் ஆட்டம், 29-6 என்று தோல்வி. ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 25, சொந்தத் திடலில் சேவியர் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். கடைசி முயற்சி தொடங்கும்போது பின்தங்கியிருந்தார்கள். ரெஜி ஒலிவர் எறிந்த பந்தை முதலாண்டு மாணவர் டெர்ரி கார்ட்னர் பிடித்துக்கொண்டு எல்லையைத் தாண்டினார். 15-13. வித்தியாசம் இரண்டே புள்ளி. அந்த 15-இல் 3 புள்ளிகள், நம் ஊர்க் காற்பந்து மாதிரியான ஆட்டம் ஆடும் குழுவிலிருந்து உதவிக்கு வந்த பிளேக் ஸ்மித் உதைத்தது.

இதற்குப் பிறகு வெற்றி மேல் வெற்றி என்று நினைக்காதீர்கள். அந்தப் பருவத்தில் இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி. தோல்வியைவிட அதிக வெற்றி பெற்ற ஒரு பருவம் 1984-இல்தான் வந்தது. பதின்மூன்று வருடம்! அப்புறம் 1992-இல் தங்கள் பிரிவின் தேசியக் கிண்ணத்தை வென்றார்கள். மாற்று ஆளே இல்லாதபோது குழு உடனே பழைய நிலைக்கு வராது. வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அடுத்த ஆட்டத்துக்குத் திடலில் வந்து நிற்பதுதான் முதல் வேலை.

அவர்கள் போனவர்களை மறக்கவும் இல்லை. பல்கலைக்கழக வளாகத்தில் நினைவு நீரூற்று ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14-ஆம் தேதி 75 பேரின் நினைவாகக் கூடி அந்த நீரூற்றை நிறுத்துவார்கள். வசந்த காலம் வரும்போது மீண்டும் திறந்துவிடுவார்கள்.

நமக்கு என்ன பாடம்?

1. போகும் தேதியைச் சேர்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு பொறுப்புக்கும் பக்கத்தில் மூன்று பெயர் இருக்கட்டும். யார் எந்த வருடம் போகக்கூடும் என்று வெளிப்படையாகப் பேசுங்கள். "என்னை இப்பவே அனுப்பப் பாக்குறாங்களா?" என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். வங்கிக் கணக்கு விவரம், மண்டபம் பதிவு செய்யும் முறை, பாத்திரம் வாடகைக்கு எடுக்கும் கடை எல்லாம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் போகும்போது அதுவும் கூடவே போய்விடும்.

2. காலி இடத்தைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். பழைய தலைவர் மேடையில் நன்றாகப் பேசுவார். புதுத் தலைவருக்குப் பேச்சு வராது, ஆனால் வீடு வீடாகப் போய்ப் பழகுவார் என்றால், இனி கிளை பழகுவதால் வளரட்டும். "முன்னாடி அண்ணன் இருந்தப்போ..." என்ற வாக்கியத்தை ஒரு வருடத்துக்கு யாரும் சொல்லக் கூடாது என்று வேண்டுமானால் ஒரு விதி போட்டுக்கொள்ளுங்கள்.

3. சுமையைப் பிரியுங்கள். ஒருவர் செய்த ஐந்து வேலையை அப்படியே இன்னொருவரிடம் கொடுத்தால் அவரும் ஆறு மாதத்தில் போய்விடுவார். ஐந்து பேருக்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

4. முதல் தோல்வியில் தீர்ப்புச் சொல்லாதீர்கள். புதுச் செயற்குழுவின் முதல் நிகழ்ச்சிக்குப் பதினைந்து பேர்தான் வந்தார்களா? 35-21 நினைவிருக்கட்டும். 29-6 நினைவிருக்கட்டும்.

5. போனவர் தொலைந்தவர் இல்லை. தோள் காயத்தால் இடத்தை இழந்த பிராக்ஸ்டன் மில்லர் என்ன ஆனார் தெரியுமா? 2015-இல் குவார்ட்டர்பேக் இடத்துக்கு அவர் போட்டியிடவில்லை. பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரராக மாறித் திரும்பி வந்தார். முதல் ஆட்டத்திலேயே இரண்டு டச்டவுன், அதுவும் போன வருடம் அவர்களைத் தோற்கடித்த அதே வர்ஜீனியா டெக்குக்கு எதிராக! சிங்கப்பூருக்குப் போன செயலாளரால் வாராந்தரக் கூட்டத்துக்கு வர முடியாது. ஆனால் தம்பிகளுக்கு வேலை விண்ணப்பம் எழுதச் சொல்லித்தர முடியுமே? கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, "நான் மூணாவது ஆள்தானே" என்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைக்கு ஒரு வார்த்தை. வகுப்பு எதற்கு என்று கேட்ட கார்டேல் ஜோன்ஸ், தேசியக் கிண்ணத்தை வென்ற சில நாளில், தொழில்முறை ஆட்டத்துக்கு இப்போது போகவில்லை, கல்லூரிக்கே திரும்புகிறேன் என்று அறிவித்தார். 2017-இல் பட்டமும் வாங்கினார். ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த பருவத்தின் நடுவிலேயே தொடக்க இடம் மறுபடியும் பேரட்டுக்குப் போய்விட்டது. உங்கள் முறை எப்போது வரும், எத்தனை நாள் இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. வரும் நாளில் தயாராக இருப்பது மட்டும் உங்கள் கையில்.

அந்தத் தங்கையிடம் சென்ற வாரம் திரும்பப் போனேன். "யாராவது வருவாங்கன்னு சொன்னேன்ல, அது தப்புமா. உனக்கு என்ன நல்லா வரும், அதைச் சொல்லு" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு மேடையில பேச வராதுண்ணே. கணக்கு நல்லா வரும்."

இப்போது கிளையின் கணக்குப் புத்தகம் பொருளாளர் மேற்பார்வையில் அவளிடம் இருக்கிறது. முதல் வாரமே 12 ரிங்கிட் 40 சென் இடிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். யார் பேசுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இந்தத் தடவை பெயர் சொல்லித் தேடுகிறோம்.

கிளைகளில் கலந்து பேச

1. நம் கிளையில் நாளைக்கே ஒருவர் வர முடியாமல் போனால் எந்த வேலை உடனே நின்றுவிடும்? அந்த வேலையை இந்த மாதமே யார் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது?

2. உங்களை யாராவது வேறொருவரோடு ஒப்பிட்டுப் பேசியது உண்டா? நீங்கள் யாரையாவது அப்படிப் பேசியது உண்டா? அன்று என்ன சொல்லியிருக்கலாம்?

3. ஒரு தாளை எடுங்கள். உங்கள் வலப்பக்கத்தில் இருப்பவரின் பெயரை எழுதுங்கள். அவருக்கு நன்றாக வரும் வேலை ஒன்றைக் கேட்டு, பெயருக்குக் கீழே எழுதுங்கள். தாள்களை எல்லாம் சுவரில் ஒட்டுங்கள். கிளையின் அடுத்த திட்டத்தை அந்தச் சுவரைப் பார்த்துப் போடுங்கள்.

4. கிளையை விட்டுப் போன ஒருவருக்கு இன்று இரவே ஒரு செய்தி அனுப்புங்கள். வேலை கேட்க வேண்டாம். நலம் மட்டும் விசாரியுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.